முப்பத்திரண்டு கட்டமும் சரி

விசிட்டிங் கார்டில் என் பதவி 'தரவுத் தூய்மை அதிகாரி'. படிக்க ஜோராக இருக்கும். வேலை என்னவோ பெருக்கித் தள்ளுவதுதான். வீடு பெருக்குகிறவர்களுக்காவது எது குப்பை, எது தோடு என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

கம்பெனி பெயர் தங்கப்படி எலிவேட்டர்ஸ், அம்பத்தூர். நாங்கள் லிஃப்ட் செய்வதில்லை. யாரோ செய்து மாட்டிவிட்டுப் போன லிஃப்ட்டுகளை மாதாமாதம் போய்ப் பார்த்து, எண்ணெய் போட்டு, ஓட வைக்கிறவர்கள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட், முப்பத்தைந்து மெக்கானிக். போன வருஷம் இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். இனிமேல் எந்த லிஃப்ட்டும் செயற்கை நுண்ணறிவின் பொறுப்பில்தான் ஓட வேண்டுமாம். எந்த லிஃப்ட் ஓடலாம், எது நிற்க வேண்டும், எந்த மெக்கானிக் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எல்லாம் அதுதான் சொல்லும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் மித்ரா. மெக்கானிக்குகள் வைத்த பெயர் மேஸ்திரி. எது நிலைத்தது என்று சொல்லவே வேண்டாம்.

மேஸ்திரி வேலைக்கு வருமுன் அதற்குப் பாடம் நடத்த வேண்டும். பாடப் புத்தகம், கம்பெனியின் முப்பத்தோரு வருஷத்து சர்வீஸ் கார்டுகள். ஏழு லட்சம் கார்டு, சாக்கு மூட்டையில், எலிப் புழுக்கையோடு. ஒவ்வொரு கார்டிலும் முப்பத்திரண்டு கட்டம். பிரேக், ரோப், கதவு, சத்தம், அதிர்வு என்று வரிசையாகப் பார்த்து, சரியா இல்லையா என்று டிக் போட வேண்டும்.

எட்டு மாதம் ஸ்கேன் செய்தேன். எடுத்த கார்டிலெல்லாம் சரி, சரி, சரி. முப்பத்தோரு வருஷமாகச் சென்னையில் ஒரு லிஃப்ட் கூட முனகியது கிடையாது. தி.நகரில் ஒரு கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கி இருபத்தாறு மாதம் ஆகிறது. அந்த லிஃப்ட்டுக்கும் மாதம் தவறாமல் கார்டு வந்திருக்கிறது. 'சத்தம் இல்லை. அதிர்வு இல்லை.' அடப்பாவிகளா, உண்மைதானே!

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மாதத்தின் முதல் தேதி, ஆபீஸுக்கு எதிர் டீக்கடையில், முப்பத்து நாலு மெக்கானிக்குகளும் உட்கார்ந்து அந்த மாதத்துக் கார்டு மொத்தத்தையும் எழுதி முடித்துவிடுவார்கள். கஜேந்திரன் என்று ஒருவர், ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் நூற்றிருபது கார்டு. அவர்களை ரொம்பவும் திட்ட முடியாது. தலைக்கு நூற்றிருபது லிஃப்ட் கட்டிவிட்டால் மனிதன் என்ன செய்வான்? 'சரியில்லை' என்று ஒரு டிக் போட்டால் ஆபீஸில் மூன்று படிவம் நிரப்பச் சொல்வார்கள், கட்டடக்காரர் போனில் கத்துவார். 'சரி' என்று போட்டால் ஊரே நிம்மதி.

முப்பத்தைந்தாவது மெக்கானிக் டில்லிபாபு. எண் 117. வியாசர்பாடிக்காரர். அவர் கார்டில் மட்டும் கட்டங்கள் காலியாக இருக்கும். ஓரத்தில், பொடி எழுத்தில், கட்டுரையே எழுதியிருப்பார்.

'பிரேக் லைனிங் தேஞ்சிபோச்சு. ஓனராண்ட சொன்னேன். தீபாவளி போவட்டும்னாரு. தீபாவளியும் போச்சு, பொங்கலும் போச்சு, லைனிங்கும் போச்சு.'

'நாலாவது மாடில பொட்டி அரை விரக்கடை கீழ நிக்குது. புள்ளைங்க தடுக்கி உழும்.'

ஒரு லிஃப்ட்டுக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வார். அதனால் அவருக்கு அறுபத்தோரு லிஃப்ட்தான். ஆபீஸில் அவருக்கு ஆமை என்று பட்டப்பெயர்.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரிக்குக் கட்டம் படிக்கத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன், ஓரத்துக் கிறுக்கல் படிக்க இல்லை. அதனால் நான் ஒரு விதி எழுதினேன்: ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதைப் 'பழுது' என்று எண்ணிக்கொள். எனக்கு அது படு புத்திசாலித்தனமாகத் தோன்றியது. என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு காபி வேறு குடித்தேன்.

மேஸ்திரி ஏழு லட்சம் கார்டையும் தின்று ஏப்பம் விட்டு, முதல் தீர்ப்பைச் சொன்னது:

'பழுதுகளின் முக்கியக் காரணம்: தொழில்நுட்பர் 117. இவர் சென்று வரும் லிஃப்ட்டுகளில்தான் பழுதுகள் தோன்றுகின்றன. மற்றவர்கள் செல்லும் இடங்களில் பழுது இல்லை. பரிந்துரை: பணி நீக்கம்.'

நிகிலேஷ் திரையைப் பார்த்துத் துள்ளிக் குதித்தான். முதலாளியின் மகன். மெல்போர்னில் படித்துவிட்டு வந்து, காலையில் இட்லிக்குப் பதில் டேட்டா சாப்பிடுகிற ஜாதி.

"இருபத்து மூணு வருஷமா ஒரு ஆள் நம்ம லிஃப்ட்டையெல்லாம் கெடுத்துட்டு இருந்திருக்கார். ஒருத்தருக்கும் தெரியல. பார்த்தீங்களா மேடம், இதுதான் ஏஐ!"

"சார், டாக்டர் போற வீட்லல்லாம் சீக்காளி இருக்காங்கன்னு டாக்டரைப் பிடிச்சு ஜெயில்ல போடுவீங்களா?"

"எமோஷன் வேணாம் மேடம். டேட்டா பொய் சொல்லாது. இந்த மாசக் கடைசியோட அவருக்கு ஆர்டர் குடுத்துடுங்க."

டில்லிபாபுவைக் கூப்பிட்டு அனுப்பினேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏன் அண்ணே, ஊரே டிக் போடுது. நீங்க மட்டும் ஏன் ஓரத்துல கதை எழுதுறீங்க?"

"கட்டம் சின்னதா கீது மேடம். பேனா நொழைய மாட்டுது."

"விளையாடாதீங்க. மேஸ்திரி உங்களை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிடுச்சு. நீங்க போற எடத்துல எல்லாம் லிஃப்ட் கெட்டுப்போகுதாம்."

சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பாத்தத எழுதனேன். பாக்காதத இன்னான்னு எழுதறது?" என்றார். துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டு, "நாப்பத்தொம்போது வயசாவுது மேடம். லிஃப்ட்ட வுட்டா எனக்கு வேற ஒண்ணியும் தெர்யாது. எம்பொண்ணு காலேஜ்ல எங்கப்பா லிஃப்ட் இன்ஜினியர்னு சொல்லிகினு கீது. இப்ப போயி, லிஃப்ட்ட கெடுக்கறவர்னா சொல்லும்?" என்றார்.

அந்த மனிதரைக் கவிழ்த்தது மேஸ்திரி இல்லை, நான். காபி குடித்துக்கொண்டே கவிழ்த்திருக்கிறேன்.

மூன்று நாள் யோசித்தேன். ஏழு லட்சம் கார்டும் பொய் என்று நான் சொன்னால் மேஸ்திரி நம்பாது. அதற்கு ஆதாரம் வேண்டும். மாநகராட்சியில் இருந்து இடித்த கட்டடங்களின் பட்டியலை வாங்கினேன். அதில் பதினேழு கட்டடத்துக்கு எங்கள் மெக்கானிக்குகள் இன்னமும் போய் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிக்கு ஓரத்துக் கிறுக்கல் படிக்கவும் சொல்லிக் கொடுத்து, பட்டியலைத் தந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: 'இல்லாத லிஃப்ட்டுக்கு எப்படிச் சரி வந்தது?'

செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஒன்பதுக்குக் கேட்டேன். பதினோரு நிமிஷம் யோசித்தது. பத்து இருபதுக்கு, சென்னை முழுக்க எங்கள் லிஃப்ட் அத்தனையும் மெதுவாகத் தரைத்தளத்துக்கு இறங்கி, கதவைத் திறந்து ஆட்களை வெளியே விட்டுவிட்டு, நின்றுவிட்டன. ஓடியது டில்லிபாபுவின் அறுபத்தொன்று மட்டும்.

ஆபீஸில் இருபது போனும் சேர்ந்து அலறின. பெரம்பூரில் ஆட்கள் தூக்கிப்போன ஒரு ஃபிரிட்ஜ் மாடிப்படியில் பாதி வழியில் நின்றது. அண்ணா நகரில் பெண் பார்க்க வந்தவர்கள் எட்டு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சொன்னார்கள். நிகிலேஷ் வேர்த்து விறுவிறுத்து என் அறைக்குள் ஓடி வந்தான். பின்னாலேயே முப்பத்து நாலு மெக்கானிக்குகளும் வந்து நின்றார்கள்.

"என்ன மேடம் பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். அதுவே கண்டுபிடிச்சுது. இடிச்ச கட்டடத்துக்கு சரின்னு எழுதினவங்க, நிக்கிற கட்டடத்துக்கும் அப்படித்தானே எழுதியிருப்பாங்கன்னு கேக்குது. டில்லிபாபு அண்ணன் எதையெல்லாம் தேஞ்சிருக்குன்னு எழுதினாரோ, அதெல்லாம் நாலு மாசம் கழிச்சு உடைஞ்சிருக்கு. நம்ம கம்ப்ளெயின்ட் போன் ரிஜிஸ்டர்ல இருக்கு. முதல்ல அவர்தான் கெடுத்தார்னு நெனச்சுது. இப்ப, அவர் ஒருத்தர்தான் பார்த்திருக்கார்னு புரிஞ்சிடுச்சு."

"ஆஃப் பண்ணுங்க அதை!"

"பண்ணலாம். அது இல்லாம எந்த லிஃப்ட்டும் ஓடக்கூடாதுன்னு இன்ஷூரன்ஸ்ல நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

திரையில் ஒரே வரி நின்றது: 'தொழில்நுட்பர் 117 நேரில் பார்த்து எழுதினால் மட்டுமே திறக்கப்படும்.' கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலாயிரத்து ஐம்பத்தோரு லிஃப்ட், ஒரு நாளைக்கு இரண்டரை. நாலரை வருஷம் ஆகும்.

நிகிலேஷ் டில்லிபாபுவின் தோளில் கை போட்டான். போன வாரம் ஆர்டர் கொடுக்கச் சொன்ன அதே கை.

"அண்ணா, நீங்க எங்கயும் போக வேணாம். இங்கயே உக்காந்து போன்லயே எல்லாத்துக்கும் சரின்னு போட்டுடுங்க. சேர் கொண்டாங்கப்பா அண்ணனுக்கு!"

"பாக்காம எப்டி சார் போடறது?"

"எல்லாரும் போடறதுதானே!"

"அதான் சார் எல்லாம் நின்னுகினு கீது," என்றார் டில்லிபாபு. கஜேந்திரன் கூரையைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"என் பேரு பார்கவி. கொளத்தூர், பதினோராவது மாடி. என் ரெண்டு கிட்னியும் நாலு வருஷமா லீவுல இருக்கு. ரெண்டு மணிக்கு எனக்கு டயாலிசிஸ். சனிக்கிழமை ஜுரத்துல போகல, இன்னைக்கும் போகலைன்னா புதன்கிழமை என்னைப் பார்க்க மாலையோடதான் வரணும். உங்க ஆபீஸ்ல யாரோ மேஸ்திரிக்குக் கோவம்னு வாட்ச்மேன் சொன்னாரு, அதை அவர் வீட்ல வச்சுக்கச் சொல்லுங்க. எனக்கு லிஃப்ட் வேணும். ஆம்புலன்ஸ் கேட்டேன், ரெண்டு பேருதான் வருவாங்களாம், அத்தனை மாடி தூக்க முடியாதாம்."

குரலில் கிண்டல் இருந்தது. நடுக்கமும் இருந்தது.

கொளத்தூர் கஜேந்திரன் பார்க்கும் ஏரியா. டில்லிபாபு அவரைப் பார்த்துக் கேட்டார்.

"கஜா, அந்த லிஃப்ட் எப்டி கீது? பாத்தியா?"

"நல்லாத்தாண்ணா இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

கஜேந்திரன் இந்தத் தடவை தரையைப் பார்த்தார். டில்லிபாபு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. கொளத்தூர் போக முக்கால் மணி, பார்க்க மூன்று மணி. போனை எடுத்தார். இப்போதெல்லாம் கார்டு அதில்தான்; கொளத்தூர் கார்டைத் திறந்தார். கட்டத்தில் விரலை வைத்து முப்பத்திரண்டு முறை அழுத்தினார். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் முறை.

"அப்படிப் போடுங்க!" என்று நிகிலேஷ் கை தட்டினான். "அப்படியே மத்ததுக்கும்..."

மேஸ்திரி இடைமறித்தது:

'இந்தப் பதிவைத் தொழில்நுட்பர் 117 எழுதவில்லை. அவர் பெயரில் வேறு யாரோ எழுதுகிறார்கள். மங்கையர்க்கரசி உறுதிப்படுத்தவும். எழுதியவர் 117தானா? ஆம் / இல்லை.'

மங்கையர்க்கரசி நான்தான். எல்லாருடைய கண்ணும் என் மேல். டில்லிபாபுவின் முகம் அறை வாங்கியது போல் ஆகிவிட்டது.

'ஆம்' என்று போட்டால் லிஃப்ட் திறக்கும். பார்கவி ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஆனால் டில்லிபாபுவும் மற்றவர்களைப் போலத்தான் என்று அதற்குப் புரிந்துவிடும். அவருடைய அறுபத்தொன்றும் நிற்கும், பழைய பரிந்துரை திரும்பி வரும், வேலை போகும். 'இல்லை' என்று போட்டால் அவர் பெயர் பிழைக்கும், அந்தப் பெண் மேலேயே கிடப்பாள்.

"ஆமான்னு போடுங்க மேடம்," என்றார் டில்லிபாபு. "நான் போனா போறேன். அந்தப் பொண்ணு போவக் கூடாது."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அவர் மேல், நிகிலேஷ் மேல், டீக்கடை மேல், எல்லாவற்றையும் விட என் மேல். 'இல்லை' என்று ஓங்கி அழுத்தினேன். அப்புறம் மெக்கானிக்குகள் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"முப்பத்து நாலு பேர் தடிமாடு மாதிரி நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? பதினோரு மாடி! போய்த் தூக்குங்கய்யா! நாற்காலியோட தூக்குங்க! கஜேந்திரன், நீங்க முன்னாடி!"

கஜேந்திரனோடு எட்டுப் பேர் வேனில் ஏறினார்கள். நானும் டில்லிபாபுவும் கூடப் போனோம். பார்கவி முப்பத்து நாலு வயசு, எலும்பும் தோலுமாக இருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் கட்டி, நாலு பேர் மாற்றி நாலு பேர் தூக்கினார்கள். "மெதுவா அண்ணா, நானே ஸ்பேர் பார்ட்ஸ் இல்லாத வண்டி," என்று அவள் வழி முழுக்கச் சிரிக்க வைத்தாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அவள் வரும்வரை என்ன செய்வது? அவள் கட்டடத்துக்கே திரும்பினோம். டில்லிபாபு மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறினார். கஜேந்திரனும் பின்னாலேயே போனார். ஆறு வருஷமாக அவர் சரி போட்டு வந்த அறை. பூட்டு துருப்பிடித்துத் திறக்காமல், கடைசியில் உடைக்க வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம் கழித்து இருவரும் இறங்கி வந்தார்கள். கஜேந்திரன் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை.

"நாலு ரோப்புல மூணு பிஞ்சி, இழை இழையா தொங்குது மேடம்," என்றார் டில்லிபாபு. "அறுந்தா பொட்டிய கவ்விப் புடிக்க கீழ ஒரு புடி இருக்கும். அது துரு புடிச்சி ஒட்டிகினு கீது. அதுக்குத்தான் நான் சரி போட்டேன். எங்கையால போட்டேன்."

சாயங்காலம் பார்கவியைத் திரும்ப மேலே தூக்கிப் போனபோது, யார் சொல்லியும் கேட்காமல், பதினோரு மாடியும் டில்லிபாபுவே நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆபீஸில் முதல் வேலையாக கஜேந்திரனின் கார்டு வந்திருந்தது. 'ரோப் மூணு பிஞ்சிருக்கு. ஆறு வருஷமா நான் மேல ஏறல.' அதைப் பார்த்தும் மேஸ்திரிக்குச் சந்தேகம். எழுதியவர் கஜேந்திரன்தானா என்று என்னைக் கேட்டது. ஆம் என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இப்படியே ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தால் நாலரை வருஷம் நாலு மாதத்தில் முடிந்துவிடும்.

எட்டரைக்கு டில்லிபாபு வந்தார். தூங்காத கண்.

"நேத்து இல்லன்னு போட்டீங்களே மேடம். அத்த மாத்துங்க."

"மாத்தினா என்ன ஆகும்னு தெரியுமா? உங்க வேலை போகும்."

"தெர்யும்."

"அப்புறம் என்ன? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்த சரிய வேற எவனோ எழுதினான்னு அதுல கீது. எவன் மேடம் அந்த எவனோ? நான்தான். நீங்க மட்டும் ஆமான்னு அழுத்தியிருந்தா அந்தப் பொண்ண நான் கொன்னிருப்பேன். இருவத்தி மூணு வருசம் ஒழுங்கா எழுதிட்டு, இத்த மட்டும் எவன் தலையிலயோ போட்டா, நான் எழுதனதெல்லாம் இன்னாத்துக்கு?"

"நான் மாத்த மாட்டேன்," என்றேன். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அழுகையும் வந்துவிட்டது, அதை மறைக்க இன்னும் சத்தமாகச் சொன்னேன். "மாத்த மாட்டேன்னா மாத்த மாட்டேன்!"

"சரி," என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்தார். புதிதாக ஒரு கார்டைத் திறந்து, கட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு, ஓரத்தில் ஒற்றை விரலால் தட்டினார். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை.

'நேத்து பதினொண்ணு நாப்பதுக்கு கொளத்தூர் லிஃப்ட்டுக்கு சரின்னு போட்டது நான்தான். பாக்காம போட்டேன். அந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரி போவணும்னு போட்டேன். ஆனாலும் தப்பு. ரோப் பிஞ்சி கீது. மங்கை மேடம் என்ன காப்பாத்த இல்லன்னு சொல்லிட்டாங்க. டில்லிபாபு.'

அனுப்பிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு திரை முன்னால் நின்றார். மேஸ்திரி யோசிக்கும்போது திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். அது சுற்றிக்கொண்டே இருந்தது. முட்டாள் மெஷினே, இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு போயேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். வட்டம் நின்றது.

'இந்தப் பதிவை எழுதியவர் தொழில்நுட்பர் 117. உறுதிப்படுத்தத் தேவையில்லை. பணி நீக்கப் பரிந்துரை இல்லை.'

நான் கைப்பையில் கர்சீஃப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது இரண்டாவது வரி வந்தது.

'மங்கையர்க்கரசி நேற்று அளித்த பதில் பொய். இனி இவர் உறுதிப்படுத்தும் எதுவும், தொழில்நுட்பர் 117 சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஏற்கப்படும்.'

டில்லிபாபு அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, சட்டைப் பையில் இருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"கொஞ்சம் நவுந்து ஒக்காருங்க மேடம். காலைல கஜா கார்டுக்கு ஆமான்னு போட்டீங்களாமே, அத்த எட்த்து காட்டுங்க. பாக்காம கையெழுத்து போட மாட்டேன்."